பிடித்துக்கொண்ட ஸ்டட்... உடையாமல் கழற்றுவது எப்படி? பழைய கார் வைத்திருப்பவர்களே, ஸ்பானரைத் தொடும் முன் இதைப் படியுங்கள்!

காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். பானெட்டுக்குள்ளிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று தையல் மிஷின் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கிறது. நாலு சிக்னல் தாண்டுவதற்குள் தானாகவே குறைந்துவிடுகிறது. 'இன்ஜின் சூடானா சரியாயிடுது, பார்த்துக்கலாம்' என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்கள்.

விடாதீங்க பாஸ்! டேப்பெட் சத்தமாகவும் இருக்கலாம்தான். ஆனால், குளிர்ந்த இன்ஜினில் பலமாகவும், சூடானதும் மெதுவாகவும் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத்தான். இன்ஜின் ஹெட்டிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய்க் கொத்து அது. அதை ஹெட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்டட்களில் ஒன்று தளர்ந்திருக்கலாம், அல்லது உடைந்தே போயிருக்கலாம். அந்தச் சின்ன இடைவெளியில் புகை பீறிடும் சத்தம்தான் அந்த 'டிக்... டிக்.' சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் அமுங்குகிறது. மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகக் கரிக்கோடு இழுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சத்தம் மட்டும்தான் பிரச்னை என்றால் பரவாயில்லை. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காருக்குள் காற்றை இழுக்கும் வென்ட் பெரும்பாலும் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் ஓரத்தில்தான் இருக்கும். பழைய காரில் ரப்பர் சீல்கள் எல்லாம் காய்ந்து போயிருக்கும் என்பதால், பானெட்டுக்குள் கசிவது கேபினுக்குள் வர ரொம்ப நேரம் ஆகாது. டிராஃபிக்கில் நிற்கும்போது காரணமே இல்லாமல் தலைவலி, அசதி, குமட்டல் என்றால் உடனே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். அதன் பிறகு ஸ்டட்டைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், ஒரு ஸ்டட்டை நானே உடைத்திருக்கிறேன். வீட்டில் அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800 நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கிங் மாற்றலாம் என்று மேனிஃபோல்டு நட்களைக் கழற்ற ஆரம்பித்தேன். எல்லாம் வந்துவிட்டன, கடைசி ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர. ஸ்பானரில் பைப்பைச் சொருகி ஓர் இழுப்பு இழுத்தேன். திடீரென்று கை லேசானது. 'அப்பாடா, வந்துடுச்சு' என்று சாக்கெட்டை எடுத்துப் பார்த்தால், நட்டோடு சேர்ந்து பாதி ஸ்டட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. மீதிப் பாதி ஹெட்டுக்குள்!

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். இரண்டு முனையிலும் மரை இருக்கும். ஒரு முனை ஹெட்டுக்குள் போய் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். வெளியே நீட்டும் முனையில் மேனிஃபோல்டை மாட்டி நட் போட்டு இறுக்குவார்கள். நேராக போல்ட்டே போட்டிருக்கலாமே என்று தோன்றும். மாருதி 800-ன் ஹெட் அலுமினியம். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அலுமினிய மரை தேய்ந்து போய்விடும். ஸ்டட் இருந்தால் தேய்மானம் எல்லாம் நட்டோடும் ஸ்டட்டின் வெளி மரையோடும் முடிந்துவிடும். அவை இரண்டும் மாற்றக்கூடிய, விலை குறைந்த பொருள்கள். ஹெட் அப்படியல்ல.

இருபது, இருபத்தைந்து வருடம் தினமும் சூடாகிக் குளிர்ந்தால் எந்த இரும்புக்கும் வயதாகும். துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அலுமினியத்துக்குள் இரும்பு உட்கார்ந்து, ஈரமும் சேர்ந்தால் வெள்ளையாகப் பொடி மாதிரி ஓர் அரிப்பு வேறு உண்டாகும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்க்காரர்கள் இதை அதிகம் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிந்து சுருங்கும்போது அதிகம் இழுபடுவது இரண்டு ஓரங்கள்தான். அதனால் ஓர ஸ்டட்கள்தான் பெரும்பாலும் முதலில் உடைகின்றன. எனக்கும் ஓரத்து ஸ்டட்தான் உடைந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வேலை சனிக்கிழமை தொடங்கட்டும்

ஞாயிறு காலை கழற்றப் போகிறீர்கள் என்றால் வெள்ளி இரவே எண்ணெய் விட்டுவிடுங்கள். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையில் இருக்கும் துருவைத் தேய்த்து எடுங்கள். இதைச் செய்யாமல் நட்டைத் திருப்பினால், அந்தத் துருவே மரையில் அரைபட்டு நட்டை நடுவழியில் நிறுத்திவிடும். பிறகு பெனிட்ரேட்டிங் ஆயில். டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும். அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான திரவம். அவசரத்துக்கு உதவும்தான். ஆனால், பிடித்துப்போன மரைக்கென்றே விற்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் இதைவிட நன்றாக உள்ளே இறங்கும். இரவு ஒருமுறை, காலை ஒருமுறை, மறுநாள் இரவு ஒருமுறை என்று விடுங்கள். நடுவில் நட்டின் மேல் சின்னச் சுத்தியலால் 'டொக் டொக்' என்று தட்டிக் கொடுங்கள். அடிக்கக் கூடாது, தட்டணும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் இறங்கும்.

கொதிக்கும் மேனிஃபோல்டில் எண்ணெய் அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். கை வைத்தால் பொறுக்கும் சூடு போதும். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டர் மாடல் என்றால் பெட்ரோல் ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தீ வைத்து வேலை பார்க்கும் கட்டம் வந்தால் அது முக்கியம்.

சாக்கெட் ஆறு முனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். மாருதியில் இந்த 8 மி.மீ ஸ்டட்களின் ஒரிஜினல் நட்டுக்கு 12-ம் நம்பர் ஸ்பானர். இடையில் யாராவது கடை நட் போட்டிருந்தால் 13 ஆகியிருக்கும். 12 நட்டில் 13-ஐ மாட்டித் திருப்பினால் நிமிடத்தில் நட் உருண்டையாகிவிடும். சிரிக்காதீங்க, நிறைய பேர் செய்வதுதான்!

ஸ்பானர் பேசும்... கேளுங்க!

முதலில் நட்டை இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள். பிறகு கழற்றும் பக்கம். லேசாக அசைந்தால் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, கால் சுற்று, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. 'டக்' என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் நல்ல சகுனம். 'கிரீச்' என்று முனகிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் தொடரலாம்.

ஆபத்தான அறிகுறி வேறு. ஸ்பானர் நகர்கிறது, ஆனால் சத்தமே இல்லை. கையில் ரப்பரை முறுக்குகிற மாதிரி, ஸ்பிரிங் மாதிரி இருக்கிறது. விட்டால் கொஞ்சம் திரும்பி வருகிறது. அப்போது நட் கழலவில்லை, ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் இழுத்தால் போச்சு. அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். எனக்கும் அந்த ரப்பர் உணர்வு தெரிந்தது. 'வருது, வருது' என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

ஸ்டட்டை இழப்பதைவிட நட்டை இழப்பது எவ்வளவோ மேல். நட் அடம்பிடித்தால் நட் ஸ்பிளிட்டரால் பிளந்துவிடலாம், உளி வைத்தும் உடைக்கலாம். சில சமயம் நட்டோடு ஸ்டட்டும் முழுசாகக் கழன்று வந்துவிடும். அது தோல்வியில்லை, அதிர்ஷ்டம்.

நட் போய், ஸ்டட் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்றால் பட்டறைகளில் காலம்காலமாக இருக்கும் ரெட்டை நட் வித்தை இருக்கிறது. ஸ்டட்டில் இரண்டு நட்களைப் போட்டு, ஒன்றோடொன்று முட்டும்படி எதிரெதிராக இறுக்குங்கள். இப்போது ஹெட் பக்கம் இருக்கும் உள் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கழற்றும் பக்கம் திருப்பினால், ஸ்டட்டே சேர்ந்து சுற்றும். புது ஸ்டட்டை உள்ளே ஏற்றும்போது இதே வித்தை, ஆனால் ஸ்பானர் வெளி நட்டில். ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் என்று தனி டூலும் கிடைக்கிறது. மரை நைந்துபோய் நட்டே ஏறாத ஸ்டட்டுக்கு அதுதான் சரி.

சூடு... அளவோடு!

எண்ணெயும் பொறுமையும் தோற்றால் சூடு. இதில் இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம், இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகி ஸ்டட்டை விடும். ஹாட் ஏர் கன் போதும். தண்ணீர் சொட்டு விட்டால் 'சுர்' என்று துள்ள வேண்டும், அந்த அளவு.

கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்து அலுமினிய ஹெட்டில் காட்டுவது வேறு விஷயம். இரும்பு சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் கொடுக்காது. 660 டிகிரி செல்சியஸில் சிவக்காமல், சொல்லாமல் உருகி ஒழுகிவிடும். டார்ச் பிடித்துப் பழக்கமில்லாத கையில் அது வேண்டவே வேண்டாம்.

சூடான ஸ்டட்டின் அடியில் மெழுகுவத்தியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் ஓடும். கேட்க டுபாக்கூர் மாதிரி இருக்கும். ஆனால், உருகிய மெழுகு நுண்ணிய இடுக்குகளில் நன்றாகவே ஏறும். இன்னொரு எச்சரிக்கை: பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ காட்டாதீர்கள். அதில் குளோரின் கலந்த வகைகள் சூட்டில் விஷவாயு உண்டாக்கும்.

உடைஞ்சே போச்சுன்னா?

என் கதைக்கு வருகிறேன். ஹெட் மட்டத்தோடு உடைந்திருந்தது. ஹார்டுவேர் கடைக்கு ஓடி ஓர் ஈஸி-அவுட் செட் வாங்கினேன். உடைந்த ஸ்டட்டில் துளை போட்டு, இடது மரை உள்ள இந்தக் கூம்புக் கம்பியைத் திருகினால் ஸ்டட் வெளியே வரும் என்பது கணக்கு. நல்லவேளை, அதை உள்ளே விடுவதற்கு முன் கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் காரை இழுத்துப் போனேன். அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். என் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

"அதை உள்ள விட்டீங்களா தம்பி?"

"இன்னும் இல்லைங்ணா."

"பொழைச்சீங்க போங்க."

அவர் சொன்ன காரணம் இதுதான். ஈஸி-அவுட் கடினமான எஃகு, அதனாலேயே சட்டென்று ஒடியும். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் வராத ஸ்டட், விரல் மொத்தம்கூட இல்லாத இந்தக் கம்பிக்கு மட்டும் எப்படி வரும்? போதாததற்கு, கூம்பு உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை அகலப்படுத்தி, ஓட்டையின் சுவரோடு இன்னும் இறுக்கும். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கும். ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் வரை போக வேண்டியிருக்கும். கையால் திருகினாலே வந்துவிடும் நிலையில் உள்ள ஸ்டட்டுக்கு மட்டும் ஈஸி-அவுட் சரி.

அண்ணன் செய்தது வேறு. உடைந்த ஸ்டட்டின் மேல் ஒரு வாஷரை வைத்து, நடுத்துளை வழியே சிஓடூ வெல்டிங்கில் ஒரு பொட்டு. அதன் மேல் ஒரு நட்டை வைத்து இன்னொரு பொட்டு. ஸ்டீலுக்கான வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட் மரைக்குப் பாதிப்பில்லை. வெல்டிங் சூட்டில் ஸ்டட் சிவந்து விரியப் பார்க்கும், சுற்றிலும் ஹெட் அமுக்கும், ஆறும்போது சுருங்கும், துருப்பிடிப்பு விட்டுப்போகும். அந்த நேரத்தில் நட்டில் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தார். முதல் முறை வெல்டிங் விட்டுவிட்டது. மூன்றாவது முறை ஸ்டட் புழு மாதிரி வெளியே வந்தது. உங்களுடையது எம்பிஎஃப்ஐ மாடல் என்றால் வெல்டிங்குக்கு முன் பேட்டரியோடு ஈசியூ கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள்.

வெல்டிங்கும் தோற்றால்தான் டிரில். உடைந்த முகத்தை முதலில் சமமாக அரத்தால் தேய்த்து, சரியாக நடுவில் பஞ்ச் அடிக்க வேண்டும். நடுவிலிருந்து விலகினால் டிரில் பிட் கடினமான ஸ்டீலை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் ஓடிவிடும், ஹெட்டில் சந்திரப்பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும். லேத்தில் ஒரு கைடு புஷ் கடைந்து மாட்டிக்கொண்டால் அந்தப் பயமில்லை. 3 மி.மீ-ல் ஆரம்பித்து மெதுவாகப் பெரிதாக்கிப் போவார்கள். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால், பாதியிலேயே ஸ்டட் பிட்டோடு சுற்றி வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. எவ்வளவு ஆழம் போகலாம் என்று பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது அவசியம். பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கலாம்.

நேர்மையாகச் சொன்னால், இந்தக் கட்டத்தில் வீட்டில் நின்று வீரம் காட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஸ்டட்டின் விலை டீ, வடை காசு ரகம். ஹெட்டின் விலை அப்படியில்லை. முதல் ஓட்டையைக் கோணலாகப் போட்ட பிறகு பட்டறைக்குப் போனால் வேலையும் கூடும், கூலியும் கூடும்.

மரையே போயிடுச்சா? மருந்து இருக்கு!

நம்ம ஊரில் ஒருவரைத் திட்டக்கூட 'மரை கழண்ட கேஸ்' என்போம். இன்ஜினில் அதற்கு வைத்தியம் உண்டு. மரை லேசாக நசுங்கியிருந்தால் 8 மி.மீ, 1.25 பிட்ச் டேப் விட்டுச் சுத்தம் செய்தால் போதும். டேப்பை அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று பின்னால் என்று ஓட்ட வேண்டும். முழுசாக வழித்துக்கொண்டு போயிருந்தால் ஹெலிகாயில். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் புது மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுவார்கள். பழைய அளவு ஸ்டட்டே கச்சிதமாக உட்காரும், மரையும் முன்பைவிட உறுதியாக இருக்கும். '10 மி.மீ ஆக்கிடலாம் சார்' என்று சிலர் சொல்வார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் மேனிஃபோல்டு ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும், அடுத்த முறை போனால் மிச்சமிருக்கும் அலுமினியம் குறைவு. ஹெலிகாயிலுக்கே என் ஓட்டு. பசை போட்டு ஒட்டும் யோசனை எதுவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் சூட்டில் அது நிற்காது.

புது ஸ்டட்டுக்கு நல்வரவு!

பழைய ஸ்டட் ஒன்றைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், இரண்டு முனை மரையின் நீளம், பிட்ச் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அம்பாசிடர்க்காரர்கள் கூடுதல் உஷார். அந்த 1489 சிசி பழைய இன்ஜின் பிரிட்டிஷ் வம்சம், அங்குல மரைகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு 8 மி.மீ மாதிரியே தெரியும். நட் ஓரிரு சுற்று ஏறி, அப்புறம் மரையை நாசமாக்கும். கையால் சுற்றும்போது நாலைந்து சுற்று சிரமமில்லாமல் ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு அளவைப் பாருங்கள்.

ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைக்கம்பியை வெட்டிப் போடாதீர்கள், பெரும்பாலும் அது பலம் குறைந்த ரகம். ஆட்டோ ஸ்பேர் கடையில் எக்ஸாஸ்ட் ஸ்டட் என்றே கேளுங்கள், குறைந்தது 8.8 கிரேடு. நட் பித்தளையிலோ செம்புப் பூச்சிலோ கிடைத்தால் வாங்கிவிடுங்கள், ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது. ஒன்று உடைந்ததென்றால் மற்றவையும் அதே வயதுதான். சுலபமாகக் கழன்று வருபவற்றை எல்லாம் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டையைச் சுத்தம் செய்து, ஸ்டட் மரையில் துளி ஆன்டி-சீஸ் தடவி, கையால் போகும்வரை விட்டு, கடைசியில் லேசாக இறுக்கினால் போதும். ஸ்டட்டுக்குப் பலம் தேவையில்லை, பிடிமானத்தை நட் கொடுக்கும். புது பேக்கிங், மேனிஃபோல்டு, பிறகு நட்கள். நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள். எவ்வளவு? உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் சரி. ஓர் அந்தாஜுக்கு, 8 மி.மீ மேனிஃபோல்டு நட்கள் பொதுவாக 20 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 20 செ.மீ ஸ்பானரின் நுனியில் 10 கிலோ அரிசிப்பையைத் தொங்கவிட்டால் வருகிற விசை அது. அவ்வளவுதான்! ஆன்டி-சீஸ் தடவிய மரை வழுக்கும் என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்தே போக வேண்டும். பைப் சொருகி இழுக்கும் அளவுக்கு இதில் வேலையே இல்லை.

முடித்ததும் வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். எண்ணெய், மெழுகு எல்லாம் எரிந்து கொஞ்ச நேரம் புகையும், பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்து, முழுசாக ஆறிய பிறகு நட்களை ஒருமுறை அதே அளவுக்குச் சரிபாருங்கள். புது பேக்கிங் அமுங்கியிருக்கும், ஒன்றிரண்டு நட் கொஞ்சம் நகரும்.

மறுநாள் காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து கேளுங்கள். 'டிக்... டிக்' இன்னும் வந்தால், அடுத்து டேப்பெட்டைப் பார்க்க வேண்டியதுதான்.